இலகு கொங்கிறீற்றின் வலிமையும் வெடிப்பும்: திருகோணமலைக் கட்டுமானத்துக்கான முழுமையான வழிகாட்டி

பழைய வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்ப நினைப்பவர்களும், மொட்டைமாடியிலிருந்து இறங்கும் வெக்கையைக் குறைக்க விரும்புபவர்களும் இப்போது திருகோணமலையில் இலகு கொங்கிறீற்றைப் பற்றி விசாரிக்கிறார்கள். போட்டு முடித்த சில மாதங்களில் அவர்களிற் பலர் சொல்லும் குறை ஒன்றேதான்: வெடித்துவிட்டது. காரணம் கேட்டால் தளத்தில் கிடைக்கும் பதிலும் ஒன்றேதான்: சீமெந்து காணாது. இந்தப் பதில் பெரும்பாலும் தவறானது என்பதே இவ்வழிகாட்டியின் நிலைப்பாடு. இலகு கொங்கிறீற்றின் வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் அடர்த்தியும் உள்ளேயிருக்கும் இலகு சல்லியின் உறுதியும் ஆகும். அது வெடிக்குமா என்பதைத் தீர்மானிப்பதோ தண்ணீர் எப்போது, எவ்வழியாக, எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதாகும். முன்னதைச் சீமெந்தால் ஓரளவுக்கே திருத்தலாம். பின்னதைச் சீமெந்தைக் கூட்டித் திருத்த முயன்றால் நிலைமை மோசமாகும்.

படி 1: எதற்காக என்பதைத் தீர்மானித்து, அதற்கேற்ற அடர்த்தியைக் குறியுங்கள்

வழமையான கொங்கிறீற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 2400 கிலோ. ஐரோப்பிய நியமத்தின்படி, உலர்ந்த நிலையில் 800 முதல் 2000 கிலோ வரையுள்ளதே இலகு கொங்கிறீற்று எனப்படும். பாரம் தாங்கும் இலகு கொங்கிறீற்று என்று அமெரிக்கக் கொங்கிறீற்று நிறுவகத்தின் வழிகாட்டி ஏற்பது, 28 நாளில் குறைந்தது 17 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) அமுக்க வலிமையும் 1120 முதல் 1920 கிலோ வரையான அடர்த்தியும் கொண்டதையே ஆகும். இந்த 17 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், தளத்திற் சொல்லப்படும் பல கதைகளைச் சல்லடையிட்டுப் பார்க்கலாம்.

உதாரணமாக, சல்லியில்லாமல் சீமெந்துக் கூழில் நுரை கலந்து செய்யும் நுரைக் கொங்கிறீற்றை எடுத்துக்கொள்வோம். 800 கிலோ அடர்த்தியில் அதன் வலிமை ஏறத்தாழ 2 மெகாபாஸ்கல். 1200 கிலோவில் 5 அளவில் நிற்கும். 1600 கிலோ வரை கனமாக்கினாலும் 10ஐத் தாண்டுவது அரிது. ஆகவே அது சுவர்க்கல்லுக்கும், மொட்டைமாடியிற் சூடு தடுக்கும் படைக்கும், பள்ளம் நிரப்பவும் உகந்தது. பீமுக்கும் தூணுக்கும் உகந்ததன்று. ரெஜிபோம் எனப்படும் வெண்ணிற நுரைப்பிளாஸ்டிக் மணி கலந்த கொங்கிறீற்றுக்கும் இதே எல்லை பொருந்தும். பாரம் தாங்கும் சிலாப் வேண்டுமானால், சுட்டு உப்பிய களிமண், எரிசாம்பலைச் சுட்டு உருட்டிய குறுணி போன்ற உறுதியான இலகு சல்லி தேவைப்படும்.

இலகுவானது பலவீனமானது என்றொரு எண்ணம் இருக்கிறது. அதற்குச் சரித்திரமே மறுப்பு. உரோமாபுரியின் பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடத்தின் மேற்பகுதியில் எரிமலை நுரைக்கல் போன்ற இலகு கற்களே கலக்கப்பட்டன. 1919இல் அமெரிக்காவில் நீரில் இறக்கப்பட்ட செல்மா என்ற கப்பலின் உடல், சுட்டு உப்பிய மாக்கல்லை (களிமண் இறுகி உண்டான பாறையை) சல்லியாகக் கொண்ட கொங்கிறீற்றால் ஆனது.

படி 2: வெடிப்பின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். மற்றெல்லாப் படிகளும் இதிலிருந்தே பிறக்கின்றன. கொங்கிறீற்று சுருங்குவதால் மட்டும் வெடிப்பதில்லை. சுருங்க முயலும்போது சுவரோ, தூணோ, கீழேயுள்ள பழைய சிலாப்போ அதைப் பிடித்து வைத்திருப்பதாலும், அவ்வாறு உண்டாகும் இழுவை அதன் இழுவை வலிமையை மீறுவதாலுமே வெடிக்கிறது.

ஒரே 25 மெகாபாஸ்கல் அமுக்க வலிமையுள்ள இரண்டு கொங்கிறீற்றுகளை ஒப்பிடுவோம். ஒன்று 2400 கிலோ அடர்த்தியுள்ள வழமையானது. மற்றது 1800 கிலோ அடர்த்தியில், ஆற்றுமணலும் இலகு சல்லியும் சேர்ந்தது. அமெரிக்க நியமத்தின் சூத்திரப்படி முன்னதன் விறைப்பு (இழுபட்டு நீளாமல் எதிர்க்கும் தன்மை) ஏறத்தாழ 25 கிகாபாஸ்கல், பின்னதன் விறைப்பு 16 கிகாபாஸ்கல். இரண்டையும் அசையவிடாமற் பிடித்து வைத்து, நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சுருங்க வைத்தால், வழமையானதில் 2.5 மெகாபாஸ்கல் இழுவையும் இலகுவானதில் 1.6 மெகாபாஸ்கல் இழுவையும் தோன்றும். வளையும்போது அவை தாங்கக்கூடிய இழுவை முறையே 3.1உம் 2.6உம் ஆகும். அதாவது வழமையானது தன் சக்தியில் 82 வீதத்தையும், இலகுவானது 62 வீதத்தையும் செலவழித்திருக்கும். இழுவை வலிமை குறைவாக இருந்தும், விறைப்பு அதைவிடக் குறைவாக இருப்பதால், ஒரே அளவு சுருக்கத்துக்கு இலகு கொங்கிறீற்றே வெடிப்பை நன்றாகத் தாங்குகிறது.

ஆனால் அந்த அனுகூலம் மெல்லியது. இலகு கொங்கிறீற்றின் சுருக்கம் மற்றதைவிட மூன்றிலொரு பங்கு கூடிவிட்டாலே இரண்டும் சமமாகிவிடும். அதற்கு மேற்போனால் இலகுவானதே முதலில் வெடிக்கும். கூடுதலாகச் சீமெந்து போட்டால், சீமெந்தும் தண்ணீரும் சேர்ந்த பசையின் அளவு கூடும், அதற்கேற்பத் தண்ணீர் கூடும், சுருங்குவது அந்தப் பசையே என்பதால் சுருக்கமும் கூடும். வெடிப்பைத் தடுப்பதற்கென்று கொட்டிய மேலதிகச் சீமெந்து, கையிலிருந்த அனுகூலத்தையும் தின்றுவிடுவது இவ்வாறுதான்.

நுரைக் கொங்கிறீற்றுக்கு இந்த ஆறுதலும் இல்லை. சுருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் சல்லியே அதில் இல்லாததால், 800 கிலோ அடர்த்தியில் அது உலரும்போது 0.2 வீதம் சுருங்கும். 4 மீட்டர் நீளச் சுவருக்கு இது 8 மில்லிமீட்டர் ஆகும்.

படி 3: மணல், தண்ணீர், சல்லி

மணலுக்கு மகாவலி கொட்டியாரக் குடாவிற் கலப்பதற்கு முன்னர் விட்டுச்செல்லும் ஆற்றுமணலே நம்பகமானது. கடற்கரை மணலைக் கம்பியுள்ள எந்த வேலைக்கும் தொட வேண்டாம். அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கும். கரையோரக் கிணறுகளின் உவர்நீருக்கும் இதே விதி. புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: அதிலுள்ள இல்மனைற்று சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. இலகு கொங்கிறீற்றுக்கு அதைவிடப் பொருத்தமற்ற மணல் இருக்க முடியாது.

சல்லியில், சுட்டு உப்பிய களிமண்ணை வெளியிலிருந்து தருவிக்க வேண்டியிருப்பதால், உள்ளூரிற் பலர் தேங்காய்ச் சிரட்டையை நாடுகிறார்கள். நொறுக்கிய சிரட்டையைக் கொண்டு 20 முதல் 25 மெகாபாஸ்கல் வரை எட்ட முடியும் என்பது ஆய்வுகூடங்களில் நிறுவப்பட்டது. இருந்தும் வழமையான வடிவமைப்பு நியமங்கள் அதைச் சல்லியாகக் கணக்கெடுப்பதில்லை. ஆகையால் நடைபாதை, முற்றத் தளம், முன்வார்ப்புப் பலகை ஆகியவற்றுக்கு அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வீட்டுச் சிலாப்புக்கானால் பொறியியலாளரின் கையொப்பமில்லாமற் போடக் கூடாது. சிரட்டை நன்கு காய்ந்த பழைய சிரட்டையாக இருக்க வேண்டும். தும்பைச் சுரண்டி அகற்றி, 5 முதல் 12 மில்லிமீட்டர் வரையான துண்டுகளாக நொறுக்கிக் கழுவ வேண்டும். உட்புறத்தில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தால் அதிலுள்ள எண்ணெய் பசையை ஒட்டவிடாது. இனிப்புச் சத்தோ சீமெந்து இறுகுவதைத் தாமதிக்கும்.

படி 4: ஊறவைத்தல்

சிரட்டை தன் எடையில் ஏறத்தாழ கால்பங்கு தண்ணீரைக் குடிக்கும். உப்பிய களிமண் 5 முதல் 25 வீதம் வரை குடிக்கும். காய்ந்தபடியே கலவையிற் போட்டால், மிக்சருக்குள் நன்றாக இளகியிருந்த கலவை தாச்சியில் ஏறுவதற்குள் இறுகிவிடும். உடனே யாராவது ஒருவர் வாளித் தண்ணீரை ஊற்றுவார்; அந்த வாளியோடு வலிமையும் போய்விடும்.

எனவே 24 மணித்தியாலம் முழுவதும் மூழ்க ஊறவைத்து, வார்ப்புக்குச் சற்று முன்னர் சாக்கின் மீது பரப்பி, மேற்பரப்பின் மினுமினுப்பு மறையும்வரை வடியவிடுங்கள். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் விரலிடுக்கால் தண்ணீர் சொட்டக் கூடாது. இவ்வாறு ஊறிய சல்லி, கொங்கிறீற்று இறுகிய பின்னர் தன்னுள் இருக்கும் தண்ணீரைச் சுற்றியுள்ள பசைக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். சீமெந்து தானே தண்ணீரை உறிஞ்சிச் சுருங்கும் உட்சுருக்கம் இதனால் வெகுவாகக் குறைகிறது. வழமையான கருங்கற் சல்லியால் இதைச் செய்ய முடியாது.

படி 5: விகிதம்

சிரட்டைக் கொங்கிறீற்றுக்கான ஒரு தொடக்கக் கலவையை ஒரு 50 கிலோ சீமெந்துப் பைக்குத் தருகிறேன்: ஆற்றுமணல் 75 கிலோ, ஊறி வடிந்த சிரட்டை 34 கிலோ, தண்ணீர் 21 லீற்றர். இது ஏறத்தாழ 0.1 கனமீட்டர் வரும். கனமீட்டருக்குப் பத்துப் பை என்பது அதிகமாகத் தோன்றும், உண்மையிலேயே அதிகம். உறுதி குறைந்த சல்லியை வைத்துக்கொண்டு 20 மெகாபாஸ்கலைத் தொட அவ்வளவு தேவைப்படுகிறது. ஆனால் அதற்கு மேல் ஒரு பையும் ஏற்றாதீர்கள்.

அந்த 21 லீற்றரில் மணலின் ஈரமும் அடங்கும் என்பதே தளத்தில் அடிக்கடி மறக்கப்படுவது. மழைக்குப் பின்னர் அள்ளிய 75 கிலோ மணலில் 5 வீதம் ஈரம் இருந்தால், மூன்றரை லீற்றர் தண்ணீர் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. அவ்வாறாயின் குழாயிலிருந்து ஊற்ற வேண்டியது பதினேழரை லீற்றர் மட்டுமே, மணலிலும் மூன்றரைக் கிலோவைக் கூட்டிப் போட வேண்டும். இளக்கம் போதாவிட்டால் தண்ணீரைக் கூட்டாமல், தண்ணீர் குறைக்கும் இரசாயனக் கலப்பைச் சேருங்கள்.

சீமெந்து வகையில் எனது தெரிவு, எரிசாம்பல் கலந்ததே. சீனக்குடாவில் சீமெந்து ஆலையே இருக்கும் ஊரில் வகைகளைத் தேர்ந்தெடுப்பது சிரமமன்று. கலப்புச் சீமெந்து இறுகும்போது வெளிவிடும் சூடு குறைவு. இலகு கொங்கிறீற்று சூட்டை எளிதில் வெளியே கடத்தாததால், தடித்த வார்ப்புகளில் உள்ளே சூடு தங்கி, குளிரும்போது வெடிப்பு உண்டாகும். இந்தக் காரணத்துக்காகவே சாதாரண சீமெந்தின் முதல்வார வேகத்தை விட்டுக்கொடுப்பது நியாயமாகிறது.

பொலிப்புரொப்பிலீன் நார் கனமீட்டருக்கு 0.9 கிலோ சேர்த்தால் முதல்நாள் வெடிப்புகள் குறையும். அது கம்பிக்கு மாற்றாகாது, வலிமையையும் கூட்டாது. விற்பவர் வேறுவிதமாகச் சொல்வார்.

படி 6: கலத்தலும் வார்த்தலும்

ஊறிய சல்லியையும் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கையும் முதலில் மிக்சரிற் போட்டு, பின்னர் சீமெந்து, மணல், மிகுதித் தண்ணீர் என்ற ஒழுங்கிற் சேர்க்கவும். ரெஜிபோம் மணியானால், முதலில் கொஞ்சம் தண்ணீரும் சீமெந்தும் சேர்ந்த கூழில் மணிகளைப் புரட்டி மேலுறை கட்டிய பின்னரே மணலைப் போட வேண்டும். நேரே போட்டால் மணிகள் மேலே மிதந்து காற்றோடு பறக்கும்.

வைபிரேற்றரைப் பிடிப்பவருக்கு ஒரு பழக்கத்தை மறக்கச் சொல்ல வேண்டும். வழமையான கொங்கிறீற்றில் அதிகமாக அதிர்த்தால் கல் கீழே போகும், சீமெந்துப் பால் மேலே வரும். இலகு கொங்கிறீற்றில் எதிர்மாறாகச் சல்லி மேலே ஏறிவிடும், கீழே வெறும் சாந்து தங்கும். மேற்பரப்பு முழுவதும் சிரட்டைத் துண்டுகள் முட்டிக்கொண்டு நின்றால் அது அதிகமாக அதிர்த்ததன் அடையாளம். நெருக்கமாக, ஆனால் ஒவ்வோரிடத்திலும் சில வினாடிகள் மட்டும் அதிர்த்து, ஊசியை மெதுவாக இழுத்தெடுக்கவும். இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் கூம்பில், கூம்பை எடுத்ததும் கலவை 75 முதல் 100 மில்லிமீட்டர் சரிந்தாற் போதும். எடை குறைவாதலால் அதே இளக்கத்துக்கு இலகு கொங்கிறீற்று குறைவாகவே சரியும்.

பாரம் தாங்கும் சிலாப்பானால் தடிப்பையும் கூட்ட வேண்டும். விறைப்புக் குறைவு என்பதன் மறுபக்கம் கூடுதலாகத் தொய்யும் என்பதே. 1800 கிலோ அடர்த்திக்கு அமெரிக்க நியமம் குறைந்தபட்சத் தடிப்பில் ஏறத்தாழ 11 வீதம் கூட்டச் சொல்கிறது.

படி 7: கச்சான் அடிக்கும் நாளில் முதல் ஆறு மணித்தியாலம்

திருகோணமலையில் வார்ப்பின் தலைவிதி பெரும்பாலும் இந்த ஆறு மணித்தியாலத்திலேயே எழுதப்படுகிறது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து வரும் கச்சான் காற்று, ஈரமெல்லாம் அந்தப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்த வறண்ட, சூடான காற்று. ஈரம் நிறைந்த கடற்காற்றுக்குப் பழகிய கரையோரங்களில் இதன் வறட்சியைச் சிலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

இளங்கொங்கிறீற்றின் மேற்பரப்பிலிருந்து சதுரமீட்டருக்கு மணிக்கு 1 கிலோ தண்ணீருக்கு மேல் ஆவியானால் வெடிப்பு ஏற்படும் ஆபத்து உண்டு என்பது பொறியியலில் நீண்டகாலமாகக் கையாளப்படும் அளவுகோல். காற்றும் கொங்கிறீற்றும் 34 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 55 வீதம், காற்றின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் ஆவியாதல் ஏறத்தாழ 1.3 கிலோ வருகிறது. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையொன்றின் சிலாப்பிலிருந்து மணிக்கு 15 லீற்றர் தண்ணீர் பறிபோவதற்கு இது சமம். அதே வெப்பநிலையில், ஓலைத் தட்டியோ படங்கோ கட்டிக் காற்றின் வேகத்தை 5 கிலோமீட்டருக்குக் குறைத்தால், ஆவியாதல் 0.4 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தச் சாதாரணத் தட்டி, பல பை சீமெந்தாற் செய்ய முடியாததைச் செய்கிறது.

ஆகவே கச்சான் காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்குப் பின்னர் வார்ப்பைத் தொடங்குங்கள். காற்று வரும் பக்கத்தில் தட்டி கட்டுங்கள். சட்டர் பலகையையும் கம்பியையும் முன்கூட்டியே நனையுங்கள், ஆனால் பலகையிற் தண்ணீர் தேங்க விடாதீர்கள். மட்டம் தட்டி முடிந்த பகுதியை, முழுச் சிலாப்பும் முடியும்வரை காத்திராமல், அப்போதைக்கப்போதே பொலித்தீனால் மூடுங்கள். மேற்பரப்பின் பளபளப்பு மறைந்தவுடன் சாய்வான, ஒன்றுக்கொன்று இணையான மயிர்க்கோடுகள் தென்பட்டால், கொங்கிறீற்று இன்னும் இளகிய நிலையில் இருக்கும்போதே கரண்டியால் மறுபடி தட்டித் தேய்த்து மூடிவிடலாம். மேலே சீமெந்துத் தூளைத் தூவித் தேய்ப்பது கோட்டை மறைக்கும், வெடிப்பை மூடாது. சில வாரங்களில் அந்தத் தோலே பொரிந்து உரியும்.

ஐப்பசிக்குப் பின்னர் வாடைக்காற்று தொடங்கியதும் கவலை எதிர்ப்பக்கம் திரும்புகிறது: வார்த்த கையோடு மழை விழுந்தால் மேற்பரப்புச் சீமெந்து கழுவப்படும். அதற்கும் அதே பொலித்தீன் போதும்.

படி 8: நீராற்றல், அதன்பின் ஆறுதலாக உலர்த்தல்

காலையும் மாலையும் குழாயாற் தண்ணீர் விசிறுவது நீராற்றல் (வார்ப்பை விடாமல் ஈரமாக வைத்து வலிமைபெற விடுதல்) ஆகாது. இடைப்பட்ட நேரத்தில் மேற்பரப்பு காய்ந்து சுருங்கி, பின்னர் நனைந்து விரிந்து, அந்த மாறிமாறி வரும் அசைவே நுண்வெடிப்புகளை உண்டாக்கும். ஈரச் சாக்கை விரித்து அதன் மேற் பொலித்தீனைப் போட்டு, சாதாரண சீமெந்துக்கு 7 நாளும் கலப்புச் சீமெந்துக்கு 10 முதல் 14 நாளும் விடாமல் ஈரமாக வையுங்கள். ஊறிய சல்லி உள்ளே தண்ணீர் கொடுக்கிறதே என்று இதைக் குறைக்கக் கூடாது. அது மேற்பரப்பைக் காப்பாற்றாது. முடிந்தவுடன் உச்சி வெயிலில் எல்லாவற்றையும் உரித்தெடுக்காமல், முதலில் பொலித்தீன், ஓரிரு நாள் கழித்துச் சாக்கு என்று நீக்கவும்.

தளங்களில் 100 மில்லிமீட்டர் தடிப்புக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு மூட்டு, தடிப்பின் கால்பங்கு ஆழத்தில், வார்த்த மறுநாளே வெட்டப்பட வேண்டும். வெடிப்பு வந்தே தீருமானால், அது எங்கே வர வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதே இந்த மூட்டின் நோக்கம்.

படி 9: சுவராக எழுப்பும்போது

நுரைக் கொங்கிறீற்றுக் கல்லோ, ஏஏசி (ஆலையில் நீராவி அழுத்தத்திற் பதப்படுத்திய இலகு கொங்கிறீற்று) கல்லோ, தளத்துக்கு வரும்போது உலர்ந்திருக்க வேண்டும். நுரைக் கல் வார்த்து 28 நாளாவது நிழலிற் காய்ந்திராவிட்டால், மேலே கணக்கிட்ட அந்த 8 மில்லிமீட்டர் உங்கள் சுவரிலேயே திறக்கும். கட்டும் சாந்து கல்லைவிட வலியதாக இருக்கக் கூடாது. சீமெந்தும் மணலும் 1:3 என்ற சாந்து போட்டால் மூட்டில் வர வேண்டிய மெல்லிய வெடிப்பு கல்லைப் பிளந்துகொண்டு வரும். 1:6 போதும். சீமெந்து, சுண்ணாம்பு, மணல் 1:1:6 என்ற பூச்சு, வெறும் சீமெந்துப் பூச்சைவிட வளைந்து கொடுக்கும். கதவு, சன்னல் மூலைகளிலும் சுவர் தூணோடு சேருமிடத்திலும் பூச்சுக்குள் வலை வைக்கவும். 6 மீட்டருக்கு மேல் நீளும் சுவருக்கு ஓர் அசைவு மூட்டு விடவும்.

படி 10: கட்டியை உடைத்துப் பாருங்கள், உடைந்த முகத்தையும் வாசியுங்கள்

150 மில்லிமீட்டர் கட்டிகளை வார்த்து 7ஆம், 28ஆம் நாள்களில் உடைப்பது பலருக்குத் தெரிந்ததே. அதற்கு முன் தராசில் வைக்கவும். வழமையான கட்டி 8.1 கிலோ நிற்கும். 1850 கிலோ அடர்த்தியுள்ளது ஆறேகால் கிலோ நிற்க வேண்டும். ஏழு கிலோவைத் தாண்டினால், நீங்கள் காசு கொடுத்த இலகு உங்களுக்குக் கிடைக்கவில்லை.

உடைத்த பின்னர் எண்ணை மட்டும் குறித்துவிட்டுத் துண்டுகளை வீசுவது பெரிய விரயம். முறிந்த முகத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். வெடிப்பு சிரட்டைத் துண்டுகளையே குறுக்காகப் பிளந்து சென்று, பழுப்பு விளிம்புகள் சாந்தோடு ஒரே மட்டத்திற் தெரிந்தால், வலிமையின் எல்லையைச் சல்லி தீர்மானித்திருக்கிறது. இனிச் சீமெந்து கூட்டிப் பயனில்லை. துண்டுகள் முழுதாகக் கழன்று, அவை இருந்த இடத்தில் வழவழப்பான குழிகள் தெரிந்தால், ஒட்டு பிழைத்திருக்கிறது; எண்ணெய், தும்பு, வடியாத தண்ணீர் ஆகியவற்றில் ஒன்றே காரணம். துண்டுகள் எல்லாம் கட்டியின் மேற்பாதியில் கூடி நின்றால், பிழை தண்ணீரிலோ வைபிரேற்றரிலோ இருக்கிறது.

படி 11: ஏற்கெனவே வெடித்திருந்தால்

வெடிப்பின் இரு கரைகளுக்கும் குறுக்கே பென்சிலாற் கோடிட்டு, முனைகளில் திகதியை எழுதி வையுங்கள். முனை நீண்டுகொண்டும் கோட்டின் இரு பாதிகள் விலகிக்கொண்டும் போனால் அது உயிருள்ள வெடிப்பு; அதைச் சீமெந்தால் அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். ஒரு கச்சான் காலமும் ஒரு மாரியும் கடந்தும் அசையாமல் இருப்பது உலர்சுருக்கத்தால் வந்து ஓய்ந்தது. சுவரானால் அதைச் சிறிது அகலமாக்கித் தூசி தட்டி, நெகிழும் அடைப்புப் பசையால் நிரப்பி, அதன் மேல் நார்வலை ஒட்டிப் பூசலாம். சிலாப்பின் அடிப்பக்கத்தில் கம்பி போகும் வழியே நேர்கோடாக, துருக் கறையோடு தெரியும் வெடிப்பு இந்த இரண்டிலும் சேராது. அதற்கு மேலே எதையும் பூசாமல், முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியியலாளரை அழைக்கவும்.